கதையா, கட்டுரையா, பத்தியா? எழுத்து வடிவங்களும் அவற்றுக்கான சொற்களும்

சிங்கப்பூரில் தமிழ் படித்தவருக்குக் ‘கட்டுரை’ என்ற சொல் தொடக்கப்பள்ளியிலேயே பழகிவிடும். சில படங்களைக் கொடுத்து, அவற்றில் நடப்பதை எழுதச் சொன்னால் அது படக்கட்டுரை. கைத்தொலைபேசியின் நன்மை தீமை என்று தலைப்புக் கொடுத்தால் அதுவும் கட்டுரை. சந்தைக்குப் போய்வந்த அனுபவமும் கட்டுரை, நூலகத்தின் பயனும் கட்டுரை. உண்மையில் முதலாவது கதை, இரண்டாவது வாதம், மூன்றாவது அனுபவக் குறிப்பு, நான்காவது விளக்கம். நான்குக்கும் ஒரே பெயரை வைத்து, முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று ஒரே அளவில் சட்டை தைத்துவிடுகிறோம்.

தேர்வு எழுதும் வரை அந்தச் சட்டை பொருந்துகிறது. வளர்ந்தபின் சிறுகதைப் போட்டிக்கோ நாளிதழுக்கோ எழுத உட்காரும்போதுதான் இறுக்குகிறது. கதை வானிலை வருணனையில் தொடங்கும், நிகழ்ச்சிகள் படங்களின் வரிசையில் நகரும், கடைசியில் ‘ஆகவே நாம் முதியோரை மதித்து நடக்க வேண்டும்’ என்று முடியும். எழுதியவருக்குத் திறமை இல்லாததால் இப்படி ஆவதில்லை. தன் கையில் இருப்பது எந்த வடிவம் என்று அவருக்கு யாரும் பிரித்துக் காட்டவில்லை.

வடிவத்தின் பெயரைக் கேட்டதுமே படிப்பவர் மனத்தில் மூன்று எதிர்பார்ப்புகள் எழுகின்றன. இதில் சொல்லப்படுவது நடந்ததா, புனைந்ததா? பேசுவது யார்? எங்கே கொண்டுபோய் நிறுத்தப்போகிறார்? இந்த மூன்றுக்கும் வடிவத்துக்கு வடிவம் விடை மாறும். ஒரே நிகழ்ச்சியைப் பல வடிவங்களில் எழுதிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் காலை வேளையில் மின்தூக்கிகள் பழுதாகின்றன. சந்தையிலிருந்து திரும்பும் மூதாட்டி ஒருவர் பத்தாவது மாடிக்குப் படியேறிப் போகிறார். இவ்வளவுதான் நிகழ்ச்சி.

செய்தியாக எழுதினால் முதல் வாக்கியம் இப்படி இருக்கும்: ‘புளோக்கின் இரண்டு மின்தூக்கிகளும் நேற்றுக் காலை 7 மணி முதல் 3 மணி நேரம் இயங்காததால், மேல்மாடிகளில் வசிப்போர் படியேறிச் செல்ல நேர்ந்தது.’ என்ன, எப்போது, எவ்வளவு நேரம், யாருக்குப் பாதிப்பு என்பவை ஒரே மூச்சில் வந்துவிட்டன. ஏன், எப்படி என்பவை அடுத்த வாக்கியத்தில் வரும். அதன்பிறகு முக்கியம் குறையக் குறைய விவரங்கள் கீழே போகும். செய்தியாளர்கள் இதைத் தலைகீழ்க் கூம்பு என்பார்கள். பக்கத்தில் இடம் போதாவிட்டால் ஆசிரியர் கீழிருந்து வெட்டுவார், வெட்டிய பிறகும் செய்தி முழுமையாக நிற்க வேண்டும். ‘பாவம்’, ‘கொடுமை’ போன்ற சொற்களைச் செய்தியாளர் தம் சொல்லாக எழுத முடியாது. ஒரு குடியிருப்பாளர் சொன்னால் மேற்கோளுக்குள் வரலாம்.

சிறுகதையாக எழுதினால்: ‘நான்காவது மாடி திருப்பத்தில் பொன்னம்மா பையை இறக்கிவைத்தார். மீன்தண்ணீர் படியில் சொட்டியது. மேலேயிருந்து யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு இறங்கும் சத்தம். சட்டென்று பையைத் தூக்கிக்கொண்டார்.’ இங்கே நேரமும் இல்லை, எத்தனை மின்தூக்கிகள் என்ற கணக்கும் இல்லை. களைப்பை மற்றவர் பார்த்துவிடக் கூடாது என்ற அவருடைய வைராக்கியம் ‘சட்டென்று’ என்ற சொல்லில் வந்துவிட்டது. அதற்குமேல் ‘அவர் தன்மானம் மிக்கவர்’ என்று எழுதினால் முன்னால் எழுதியதெல்லாம் வீண்.

கருத்துக் கட்டுரையாக எழுதினால் மூதாட்டி ஓர் எடுத்துக்காட்டு ஆகிவிடுவார். மூப்படையும் குடியிருப்புப் பேட்டையில் பழுதுபார்ப்பை எந்த நேரத்தில் வைப்பது என்ற கேள்வி முன்னால் வரும். ஒரு நிலைப்பாடு, அதற்கான காரணங்கள், எதிர்வாதத்துக்குப் பதில் என்று நடக்க வேண்டும். நகர மன்றத்துக்கு அனுப்பும் மின்னஞ்சலாக எழுதினால் புளோக் எண், தேதி, நேரம், பழுதின் தன்மை, என்ன செய்ய வேண்டும் என்ற ஒரே ஒரு கோரிக்கை ஆகியவை போதும். ‘பொருள்’ என்ற இடத்தில் ‘புகார்’ என்று மட்டும் எழுதுவது வழக்கமான தவறு. ‘மின்தூக்கி பழுது, காலை 7 முதல் 10 வரை’ என்று எழுதினால் திறக்கும் முன்பே விஷயம் தெரிந்துவிடும். ஒரே மின்னஞ்சலில் மின்தூக்கி, குப்பைத்தொட்டி, அண்டைவீட்டு இரைச்சல் மூன்றையும் அடுக்கினால் மூன்றும் வெவ்வேறு மேசைக்குப் போக வேண்டியவை என்பதால் ஒன்றுக்கும் விரைவில் பதில் வராது.

கவிதைக்குக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘மரபுக்கவிதை கடினம், புதுக்கவிதை எளிது’ என்ற எண்ணம் இரண்டையும் கெடுக்கிறது. மரபுக்கவிதையில் எழுத்து சேர்ந்து அசை, அசை சேர்ந்து சீர், சீர் சேர்ந்து அடி. குறிலோ நெடிலோ தனித்தோ மெய்யோடோ வந்தால் நேரசை, இரண்டு குறிலோ குறிலும் நெடிலுமோ இணைந்து அப்படி வந்தால் நிரையசை. ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மாச்சீர், நிரையில் முடிந்தால் விளச்சீர்; நேரில் முடியும் மூவசைச் சீர் காய்ச்சீர். ஒரு சீரின் கடைசி அசையும் அடுத்த சீரின் முதல் அசையும் சேரும் முறைக்குத் தளை என்று பெயர். வெண்பாவுக்கு மூன்றே தளை விதிகள்: மாச்சீர் முன் நிரை வர வேண்டும், விளச்சீர் முன் நேர் வர வேண்டும், காய்ச்சீர் முன் நேர் வர வேண்டும். குறள் வெண்பாவில் முதல் அடிக்கு 4 சீர், இரண்டாம் அடிக்கு 3 சீர். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றாக முடியும். அதே மூதாட்டியை வைத்து ஒரு குறள் வெண்பா:

பழுதென்னும் தாளைப் படித்தறியாப் பாட்டி
படியேறி நின்றாள் தனித்து

அசை பிரித்து அலகிட்டுப் பார்ப்போம். தேமா, புளிமாங்காய் போன்றவை சீரின் அசையமைப்பைக் குறிக்கும் வாய்பாட்டுப் பெயர்கள். பழு/தென்/னும் புளிமாங்காய், காய்ச்சீர். அடுத்து ‘தா’ என்ற நேரசை, பொருந்துகிறது. தா/ளைப் தேமா, மாச்சீர். அடுத்து ‘படித்’ என்ற நிரையசை. படித்/தறி/யாப் கருவிளங்காய், அடுத்து ‘பாட்’ நேர். பாட்/டி தேமா, அடுத்து ‘படி’ நிரை. படி/யே/றி புளிமாங்காய், அடுத்து ‘நின்’ நேர். நின்/றாள் தேமா, அடுத்து ‘தனித்து’ நிரையில் தொடங்கிப் பிறப்பு என்னும் வாய்பாட்டில் முடிகிறது. ‘படியேறி’யை எடுத்துவிட்டு ‘மெல்லேறி’ என்று போட்டுப் பாருங்கள். பொருள் கெடவில்லை, ஆனால் ‘பாட்டி’ என்ற மாச்சீர் முன் ‘மெல்’ என்ற நேரசை வந்து நிற்கிறது. அது வேறொரு பாவகையான ஆசிரியப்பாவின் தளை, வெண்பா அங்கேயே முறிந்துவிட்டது. மோனை, அதாவது முதலெழுத்து ஒன்றுவது, முதலடியின் 1, 3, 4ஆம் சீர்களில் விழுந்திருக்கிறது. இரண்டு அடிகளுக்கும் எதுகை, அதாவது இரண்டாம் எழுத்து, ஒன்றவில்லை; அடிக்கு ஓர் எதுகை கொண்ட இருவிகற்பக் குறள் வெண்பாவுக்கு அது குற்றமாகாது. வெண்பா எழுதப் பழகுவோர் பெரும்பாலும் தடுக்குவது அசை பிரிப்பதில்தான். ‘மழை’, ‘குடை’ போன்றவற்றை இரண்டு நேரசையாகப் பிரித்துவிடுவார்கள். குறிலும் அடுத்து நெடிலும் சேர்ந்தால் ஒரே நிரையசை.

புதுக்கவிதைக்குத் தளை இல்லை. ஆனால் வரியை எங்கே உடைப்பது என்ற பொறுப்பு முழுதும் எழுதுபவர் தலையில் விழுகிறது. ‘மின்தூக்கி நின்றுவிட்டது / அதனால் பாட்டி / படியேறிப் போனார்’ என்பதை ஒரே வரியாகச் சேர்த்துப் படித்தால் எதுவும் குறையவில்லை. அப்படியானால் அது மடித்து வைத்த உரைநடை. இந்தச் சோதனையை ஒவ்வொரு கவிதைக்கும் செய்து பார்க்கலாம்: வரிகளைச் சேர்த்ததும் ஓர் இடைவெளியோ இரட்டைப் பொருளோ அழிய வேண்டும்.

‘கட்டுரை’ என்ற சொல் இன்றைய பொருளில் வந்தது பிற்காலத்தில்தான். சிலப்பதிகாரத்திலேயே ‘கட்டுரை காதை’ என்று ஒரு காதை உண்டு. அங்கே அது உறுதியாக எடுத்துரைக்கும் பேச்சு. வடிவங்களுக்கு இடையிலான எல்லை உறுதிப்படக் காலம் பிடித்தது என்பதற்குச் சிங்கப்பூரே சான்று. சி. கு. மகுதூம் சாயபு 1887இல் இங்கே தொடங்கிய ‘சிங்கை நேசன்’ இதழில், அடுத்த ஆண்டு ‘விநோத சம்பாஷணை’ வெளிவந்தது. பெயருக்கேற்ப அது உரையாடலாகவே அமைந்தது. எழுத்தாளரும் ஆய்வாளருமான நா. கோவிந்தசாமி அதைச் சிறுகதை முயற்சியாகக் கண்டார். வ. வே. சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ வந்தது 1915இல். தமிழின் முதல் சிறுகதை எது என்ற விவாதம் ஓயாததற்கு முக்கியக் காரணம், சிறுகதைக்கு எது இலக்கணம் என்பதில் உள்ள வேறுபாடுதான். உரையாடல் மட்டும் போதுமா, ஒரு மாந்தரின் மனநிலையில் மாற்றம் நிகழ வேண்டுமா? இரண்டாவதைக் கேட்பவர்கள் பழைய சம்பாஷணைகளைக் கதை என்று ஏற்கத் தயங்குவார்கள். எனக்கு இரண்டாவதே சரியான அளவுகோலாகப் படுகிறது. ஆனால் முன்னோடிகளை அதைக் கொண்டு தள்ளிவைப்பது நியாயமாகாது.

கதையின் உறுப்புகளில் கரு, களம், மாந்தர், முரண், உச்சம் என்பவற்றை எல்லாப் பயிலரங்குகளிலும் சொல்லித் தருகிறார்கள். நோக்குநிலையைத்தான் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். நோக்குநிலை என்பது யார் கண் வழியாகக் கதை தெரிகிறது என்பது. ‘நான்’ என்று சொல்லும் தன்மை நோக்கு, ஒருவரை மட்டும் பின்தொடரும் படர்க்கை நோக்கு, எல்லார் மனத்திலும் புகுந்து வரும் எல்லாம் அறிந்த கதைசொல்லி என மூன்று வகை வழக்கில் உண்டு. தவறு பெரும்பாலும் இரண்டாவதில் நடக்கும். பொன்னம்மாவைப் பின்தொடரும் கதையில், ‘எதிரே வந்த இளைஞனுக்கு அவரைப் பார்த்ததும் தன் அம்மா நினைவுக்கு வந்தார்’ என்று ஒரு வாக்கியம் நுழைகிறது. பொன்னம்மாவுக்கு அது தெரிய வழியே இல்லை. படிப்பவர் அதுவரை அவரோடு படியேறிக்கொண்டிருந்தார், இப்போது வெளியே தள்ளப்பட்டுவிட்டார். ‘இளைஞன் ஒரு கணம் நின்று அவர் முகத்தையே பார்த்தான்’ என்றால் போதும். பார்ப்பது அவருக்குத் தெரியும், காரணத்தைப் படிப்பவர் ஊகித்துக்கொள்வார்.

உரையாடலில் சிங்கப்பூருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. இங்குள்ள எழுத்துத் தமிழில் ‘மின்தூக்கி’ நன்றாக ஊன்றிவிட்டது. அறிவிப்புகளிலும் நாளிதழிலும் அதுவே வழக்கு. ஆனால் படிக்கட்டில் நிற்கும் இளைஞன், ‘மின்தூக்கி பழுதடைந்துவிட்டதா பாட்டி? பையைத் தாருங்கள்’ என்று பேசமாட்டான். ‘லிஃப்டு கெட்டுப்போச்சா பாட்டி? பைய இங்க குடுங்க, நான் தூக்கிட்டு வர்றேன்’ என்பான். கதை சொல்லும் பகுதி எழுத்துத் தமிழிலும் உரையாடல் பேச்சுத் தமிழிலும் இருப்பதே இன்றைய வழக்கம். கலக்கும்போது ஒரே பேச்சுக்குள் ‘போச்சு’ம் ‘சென்றேன்’உம் சேர்ந்து வந்தால் காதில் உறுத்தும். கோப்பி, தப்பாவ் போன்ற உள்ளூர்ச் சொற்களை உரையாடலில் தாராளமாக விடலாம். வெளிநாட்டு வாசகருக்காக ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதத் தேவையில்லை, சூழலே பொருள் சொல்லிவிடும்.

வாக்கிய அளவில் அடிக்கடி வரும் பிழை ஒன்று. ‘மின்தூக்கி நின்று, பாட்டி படியேறினார்’ என்று எழுதுகிறார்கள். ‘நின்று’ என்ற வினையெச்சத்துக்கும் ‘ஏறினார்’ என்ற முற்றுக்கும் ஒரே எழுவாய் வர வேண்டும். இங்கே நின்றது ஒன்று, ஏறியது வேறொருவர். ‘மின்தூக்கி நின்றதால்’ அல்லது ‘நின்றுவிடவே’ என்றால் வாக்கியம் நேராகும். ‘பாட்டி நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, ஏறினார்’ என்பதில் எழுவாய் ஒன்றே என்பதால் எத்தனை எச்சமும் தாங்கும்.

இனி, ஒரே சொல் பல பொருளில் வந்து குழப்பும் இடங்கள். ‘பத்தி’ என்றால் நான்கைந்து வாக்கியங்கள் கொண்ட பகுதி. இதழில் ஒருவர் தொடர்ந்து எழுதும் இடமும் பத்திதான். ‘500 சொல்லில் ஒரு பத்தி அனுப்புங்கள்’ என்று கேட்டால் இடைவெளியே விடாமல் 500 சொல்லையும் ஒரே கட்டாக அனுப்பக் கூடாது. கேட்டது இரண்டாவது பொருள். பத்தியில் எழுதுபவரின் குரலும் தீர்ப்பும் தெரியலாம், தெரியவும் வேண்டும். தலையங்கத்தில் அப்படி முடியாது. அங்கே பேசுவது இதழ், அதனால் ‘நான்’ வராது, பெயரும் இடம்பெறாது.

‘ஆசிரியர்’ என்பவர் பள்ளியில் கற்பிப்பவர், நூலை எழுதியவர், இதழை நடத்துபவர் என மூவர். கோ. சாரங்கபாணி 1935இல் ‘தமிழ் முரசு’ தொடங்கியவர் என்பதால் அவரை இதழாசிரியர் என்கிறோம். பலர் எழுதியவற்றைத் தொகுப்பவர் தொகுப்பாசிரியர். பழைய சுவடிகளையோ அச்சுப் பிரதிகளையோ ஒப்பிட்டுப் பாடம் தீர்மானிப்பவர் பதிப்பாசிரியர். அச்சிட்டு விற்பவர் பதிப்பாளர். பிந்திய இரண்டையும் அட்டையிலேயே மாற்றிப் போட்ட நூல்களைக் காண முடிகிறது.

மதிப்புரை, விமர்சனம், திறனாய்வு மூன்றும் ஒன்றுபோல் புழங்குகின்றன. நூல் புதிதாக வந்ததும், படிக்காதவருக்காக எழுதுவது மதிப்புரை. உள்ளடக்கம் என்ன, யாருக்கு ஏற்றது, எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும், முடிவை வெளியிடக் கூடாது. திறனாய்வு ஏற்கெனவே படித்தவருக்கானது. முடிவைப் பற்றிப் பேசாமல் அதை எழுதவே முடியாது. விமர்சனம் இரண்டுக்கும் பொதுவாக வழங்குகிறது. இதழ் கேட்டது எது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். தன்வரலாறும் நினைவுக்குறிப்பும்கூட வேறு. முன்னது பிறப்பிலிருந்து வரிசையாக ஒரு வாழ்க்கை. பின்னதற்கு ஒரு காலமோ ஓர் உறவோ ஓர் இடமோ போதும். பழைய கம்பத்து வாழ்க்கையை எழுத நினைப்போருக்கு நினைவுக்குறிப்பே கைகொடுக்கும். தன்வரலாறாகத் தொடங்கியவர்கள் பலர் பள்ளிப் பருவத்தைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடுகிறார்கள்.

நூலின் முகப்பில் வரும் உரைகளுக்கும் முறை உண்டு. ஆசிரியர் தாமே எழுதுவது என்னுரை அல்லது முன்னுரை. துறை அறிந்த மற்றொருவர் எழுதுவது அணிந்துரை. பதிப்பாளர் எழுதுவது பதிப்புரை. இந்த மரபு பழையது. பவணந்தி முனிவரின் இலக்கண நூலான நன்னூல் முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை என்று நூலின் தொடக்கத்தில் வரும் பாயிரத்துக்கு ஏழு பெயர்களைத் தருகிறது. எவ்வளவு அறிந்தவரானாலும் தன்னைத் தானே புகழ்வது தகுதியன்று என்பதும் அதே நூலின் விதி. புகழ்வதற்கு வேறொருவரை அழைக்கும் வழக்கத்துக்கு வேர் அங்கே இருக்கிறது. ஆனால் நான்கு அணிந்துரை, மூன்று வாழ்த்துரை என்று 20 பக்கம் போன பிறகு முதல் கவிதை தொடங்கும் தொகுப்புகள் நம்மிடையே வருவது வருத்தம் தருகிறது. ஓர் அணிந்துரை, அதுவும் நூலை முழுதும் படித்தவர் எழுதியது, போதும்.

எழுதி முடித்ததைத் திருத்துவதற்கும் நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களைவிட நல்ல பட்டியல் எனக்குத் தெரியவில்லை. அதில் நான்கை மட்டும் நம் மூதாட்டிக் கதையில் வைத்துப் பார்க்கலாம். முதல் பக்கத்தில் பத்தாவது மாடி, கடைசிப் பக்கத்தில் பன்னிரண்டாவது மாடி என்றால் மாறுகொளக் கூறல். ‘மீண்டும் திரும்பி வந்தார்’ என்றால் கூறியது கூறல். பாட்டி நான்காவது மாடியில் நிற்கும்போது, வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் தொடங்கிய வரலாற்றை எழுதப் போனால் மற்றொன்று விரித்தல். முதல் ஆறு மாடியை விரிவாக எழுதிவிட்டு மிச்சம் நான்கையும் ஒரே வாக்கியத்தில் முடித்தால் சென்று தேய்ந்து இறுதல். போட்டிக்கான இறுதி நாள் நெருங்கும்போது எழுதிய கதைகளில் கடைசிக் குற்றம் தவறாமல் இருக்கும்.

திருத்தம் என்பதும் ஒரே வேலை அன்று. செம்மையாக்கம் செய்பவர் எந்தப் பத்தி எங்கே வர வேண்டும், எது வேண்டாம் என்று பார்ப்பார். மொழித் திருத்தம் செய்பவர் வாக்கியம், சந்தி, சொல் வழக்கு ஆகியவற்றைப் பார்ப்பார். மெய்ப்புப் பார்ப்பவரின் கையில் இருப்பது பக்கம் அமைத்து முடித்த படி. எழுத்துப் பிழை, விடுபட்ட வரி, மாறிப்போன பக்க எண் ஆகியவற்றைப் பிடிப்பது மட்டுமே அவர் வேலை. மெய்ப்பில் உட்கார்ந்து ஒரு பத்தியைப் புதிதாக எழுதினால் பக்கங்கள் நகரும், பொருளடக்கத்தில் உள்ள எண்கள் பொய்யாகும், நகர்ந்த இடத்தில் புதுப் பிழை முளைக்கும். எழுத விரும்புவதையெல்லாம் செம்மையாக்கத்தின்போதே எழுதிவிட வேண்டும்.

சொல் எண்ணிக்கையில் ஒரு எச்சரிக்கை. ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பது தமிழில் ஒரே சொல். அதனால் ஆங்கிலத்தில் 500 சொல் கொண்ட கட்டுரையைத் தமிழில் எழுதினால் எண்ணிக்கை குறையும், பக்கம் குறையாது. ‘வந்து கொண்டு இருந்தவர்கள்’ என்று பிரித்து எழுதினால் எண்ணிக்கை ஏறும். வரம்பை எட்டுவதற்காக இப்படிப் பிரிப்பது நடுவர்களுக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

புத்தகமாக்கும் கட்டத்தில் ‘பதிப்பு’, ‘அச்சு’ இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். உள்ளடக்கம் மாறினால் இரண்டாம் பதிப்பு, அதற்கு நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்ணாகிய ஐஎஸ்பிஎன் புதிதாக வேண்டும். மாறாமல் மீண்டும் அச்சிட்டால் இரண்டாம் அச்சு, பழைய எண்ணே தொடரும். 13 இலக்கங்கள் கொண்ட அந்த எண்ணில் 978க்கு அடுத்து வரும் 981 சிங்கப்பூரைக் குறிக்கும். நூல் வெளிவந்த 4 வாரங்களுக்குள் 2 படிகளைத் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். சொந்தமாக வெளியிடுபவர் வெளியீட்டு விழாவில் எல்லாப் படிகளையும் கொடுத்து முடித்துவிடாமல், அந்த இரண்டையும் முதலிலேயே தனியாக எடுத்துவைக்க வேண்டும்.